லீவின் கடைசி நாள் யாருக்கு?

விடுமுறையின் கடைசி நாள் என்றதும் உங்களில் பலருக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். ஓட்டல் அறையைப் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும். ரயில் ராத்திரி எட்டரைக்கு. நடுவில் எட்டரை மணி நேரம் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே அலைவது? பாண்டிச்சேரியோ ராமேஸ்வரமோ கோவாவோ, கடற்கரை ஊர் எதுவானாலும் இதே கதைதான். பார்க்க விட்டுப்போன இடத்தை ஓடி ஓடிப் பார்ப்பது, ஊரில் யாருக்கும் வேண்டாத சங்கு மாலையைப் பேரம் பேசி வாங்குவது, ஃபோனில் சார்ஜ் இல்லாமல் சுவர் சுவராய் பிளக் தேடுவது. அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு ஒரு வகை லீவைப் பற்றி. இங்கே ஓட்டல் கிடையாது. தங்குவது சொந்த வீட்டில். ஆனால் கடைசி நாள் மட்டும் தப்பாமல் வந்துவிடும்.

எங்கள் ஊர் கட்டுமாவடி. தெரியாதவர்களுக்காக: புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தின் வடக்கு ஓரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடிக்குக் கொஞ்சம் மேலே. நம்மைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம் வந்துவிடும். நகரம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். கடலும் சினிமாக் கடல் இல்லை. பாக் நீரிணை ஆழம் குறைந்தது, அலை கிடையாது, பல நாள் குளம் மாதிரிக் கிடக்கும், ஓரத்தில் சேறு. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள், எங்கள் பக்கம் பெரும்பாலும் நாட்டுப்படகு. அதிகாலையில் மீனும் நண்டும் இறாலும் ஏலம் போகும். வெளியூர் வண்டிகள் நிற்பதெல்லாம் அந்த மார்க்கெட்டுக்காகத்தான்.

இந்தக் கடலோரம் முழுக்க இன்னொரு ஏற்றுமதியும் உண்டு, ஆள் ஏற்றுமதி. சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதி, குவைத். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இப்படிப் போய் வருகிறவரைச் சபராளி என்பார்கள். சஃபர் என்றால் பயணம். மற்ற வீடுகளிலும் ஆள் அதேதான், பெயர்தான் இல்லை. 2015-ல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வோர் கணக்கெடுப்பில் நம் மாநிலத்துக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாக வந்தது. அந்த 22 லட்சத்தில் ஒருவர் என் அப்பா. தம்மாமில் எலக்ட்ரீஷியன். நான் பிறந்த வருடம் போனவர்.

பி.காம். படிக்கிறேன், கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? சவுதி தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது 21 நாள் சம்பளத்தோடு விடுப்பு, ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் 30 நாள். அப்பாவின் ஒப்பந்தத்தில் இதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேர்த்து எடுக்கலாம். ஆரம்பத்தில் 42 நாள், பிறகு 60 நாள். கொரோனா வருடத்தைத் தனியாக வைத்துவிட்டுப் பார்த்தால், இருபது வருடத்தில் பத்து லீவு, ஏறத்தாழ 560 நாள். இருபது வருடம் என்பது 7,305 நாள். அதாவது என் அப்பா வீட்டில் இருந்தது நூற்றுக்கு எட்டு நாள் கூட இல்லை.

இவ்வளவு குறைவாகக் கிடைக்கும் ஒரு சரக்கில் ஒரு நாள் வீணானால் நஷ்டம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு லீவிலும் ஒரு நாளை நாங்கள் முழுசாகத் தொலைக்கிறோம். அதுதான் கடைசி நாள். எங்கள் வீடு மட்டுமல்ல, இந்தக் கடலோரத்தில் பாதி வீடு அப்படித்தான்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சிங்கப்பூரிலோ துபாயிலோ அண்ணன் அப்பா இருக்கிற என் வகுப்பு நண்பர்கள் தலையாட்டிக்கொண்டே படிப்பார்கள்.

முதலில் பயணம் சொல்வது. ஊருக்குப் புறப்படுகிறவர் சொந்தக்காரர், பழகியவர் வீடு ஒவ்வொன்றாகப் போய் "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும். (போறேன் என்று சொன்னால் தொலைந்தீர்கள்!) ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் அது இரண்டு வருடத்துக்கு ஆறாத மனத்தாங்கல். போன லீவில் நான் எண்ணினேன், இருபத்து மூன்று வீடு. ஒரு வீட்டில் உட்கார்ந்து, கொடுக்கிற கலரைக் குடித்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்து எழுந்திருக்க, கறாராகப் பார்த்தாலும் பதினைந்து நிமிடம். மொத்தம் ஐந்தே முக்கால் மணி நேரம், கூடவே இருபத்து மூன்று கிளாஸ் கலர், டீ, சர்பத். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

அவர் வெளியே பயணம் சொல்லிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு இன்னொரு கூட்டம் வரும். இவர்கள் வழியனுப்ப வந்தவர்கள். நல்லவர்கள்தான், நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் திண்ணையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, உள்ளே அம்மா அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்க, புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வருடப் பிரிவுக்கு முந்தின பகலில் தனியாகப் பேசியது எத்தனை வார்த்தை? என் கண் முன்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்: "அந்த நீல சட்டையை வெச்சாச்சா?" "வெச்சாச்சு." அவ்வளவுதான்.

அடுத்தது பார்சல். "என் மவன் அங்கதான் இருக்கான், இந்தச் சின்னப் பொட்டலத்த மட்டும் குடுத்துருங்க." இந்தச் சின்னப் பொட்டலங்கள் எல்லாம் கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். அதற்குள் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். அவிழ்த்து, கையில் தொங்கும் தராசில் நிறுத்து, முப்பது கிலோவைத் தாண்டுகிறது என்று அம்மா செய்த இறால் ஊறுகாயை எடுத்து வெளியே வைத்து, அடுத்த வீட்டுக் கருவாட்டை உள்ளே வைப்போம். ஐந்து பிளாஸ்டிக் பை சுற்றினாலும் கருவாடு தன் வேலையைக் காட்டும் என்பது வேறு விஷயம் :-)

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் ஆபத்தும் இருக்கிறது. குருமா மசாலாவில் கசகசா சேர்ப்பது நமக்குச் சாதாரணம். சவுதி, அமீரகம், கத்தார் போன்ற நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் கணக்கில் வரும். டிராமடால் மாதிரி சில வலி மாத்திரைகளும் அப்படித்தான். கொடுக்கிற அம்மாவுக்கு அது தெரியாது. வாங்கி வைக்கிறவருக்கு அன்றைக்குப் பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை, பிரித்தால் "எங்க மேலயே சந்தேகமா" என்ற பேச்சு வேறு. 2019 ஜூலையில் மும்பையிலிருந்து தோஹாவுக்கு விடுமுறைப் பயணம் போன ஒரு இளம் தம்பதியின் பெட்டியில் கஞ்சாப் பிசின் பிடிபட்டது. உறவினர் கொடுத்தனுப்பிய பார்சல் அது. பத்து வருடத் தண்டனை. அவர்களுக்கு எதுவும் தெரியாது என்பதை நிரூபித்து ஊர் திரும்பியது 2021 ஏப்ரலில்தான். எங்கள் ஊர் அம்மாக்கள் கஞ்சா கொடுக்கப் போவதில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் பார்சல் வாங்குவதையே மரியாதை என்று வைத்திருக்கிறோமே, அதைச் சொல்கிறேன்.

மூன்றாவது, பணப் பேச்சு. அறுபது நாளும் வாய் திறக்காதவர்கள் கடைசி நாள் சாயங்காலம் திறப்பார்கள். சாலையோரம் ஒரு மனை வருகிறது, அட்வான்ஸ் மட்டும் கொடு. தங்கச்சி மகளுக்கு ஐந்து பவுன் நீதானே போடணும். சீட்டுப் பணம் பாக்கி. ஏன் அன்றைக்கு என்று யோசித்தால் காரணம் புரியும். கிளம்புகிற அன்றைக்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் பாடத்தில் ஒப்பந்தத்துக்குச் சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்று படிக்கிறோம். விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது வாங்குகிற சம்மதத்தை என்ன கணக்கில் எழுதுவது?

ராத்திரி வேன் வரும். அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி. விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பது ஒன்றுதான் எங்களுக்கு லாபம். வேனில் பதினாலு பேர், முன் சீட்டில் அப்பா, பின்னால் கடைசி வரிசையில் அம்மா. 2024-ல் திறந்த புது முனையம் ஸ்ரீரங்கம் கோயில் பாணியில் அழகாக இருக்கிறது, ஆனால் டிக்கெட் இல்லாதவர் கண்ணாடிக்கு வெளியேதான். அப்புறம் கொழும்பு மாறி தம்மாம். அப்பா ஜன்னல் சீட் கேட்டு வாங்குவார். திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது நம்ம கடல் கீழே தெரியும் என்பார். நடுராத்திரியில் என்ன தெரியுமோ.

இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் முதல் எதிர்ப்பு வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அப்பத்தா. அதன் வாதம் சும்மா தள்ளிவிடக் கூடியது இல்லை என்பதால் அப்படியே சொல்கிறேன். "ஒங்கப்பன் ஊரு ஊரா போயி சொல்றது மருவாதிக்குன்னு நெனச்சியா? அவன் அங்க இருக்கையில இங்க ஒங்களுக்கு ஒண்ணுன்னா ஓடியாறது யாரு? அந்த இருவத்தி மூணு வீடுதான்."

உண்மைதான். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த ராத்திரி எங்கள் வீட்டில் ஆம்பளை கிடையாது. கொல்லைத் தென்னை இரண்டு விழுந்து ஒன்று சமையலறை ஓட்டை உடைத்துவிட்டது. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை, அப்பாவுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தெரியவே நாலு நாள் ஆனது. விடிந்ததும் கோடாலியோடு வந்தவர்கள் அப்பா பயணம் சொன்ன வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் வீடும் உடைந்துதான் கிடந்தது. ஆக பயணம் சொல்வது என்பது ஒரு இன்சூரன்ஸ், அந்தக் கலர் கிளாஸ்தான் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பத்தா பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் என்னைவிட நன்றாக வணிகவியல் தெரியும்.

ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. பிரீமியத்தைக் கடைசி தேதியில்தான் கட்ட வேண்டுமா? மூன்று நாள் முன்னாலேயே கட்டினால் பாலிசி செல்லாதா? அதற்கு அப்பத்தாவின் பதில்: "மூணு நாள் முன்ன சொல்லிட்டு அப்பறமும் ஊருக்குள்ளயே சுத்துனா ஊரு என்ன சொல்லும்?" பயணம் சொன்னவன் பிறகு கண்ணில் படக் கூடாதாம். இந்த இடத்தில்தான் நான் வழக்கத்தோடு சண்டை போடுகிறேன். பஸ் வாராவாரம் வந்து, கடிதம் மாதத்துக்கு ஒன்று வந்த காலத்தில் கடைசி நாள் பார்வைக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கலாம். இப்போது அப்பா தம்மாமில் இறங்கி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரியப்பா இமோவில் கூப்பிட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டுவிடுகிறார். இருபத்து மூன்று வீட்டுக்கும் அவரோடு பேச வருடத்துக்கு 365 நாள் இருக்கிறது. அம்மாவுக்கு அவர் பக்கத்தில் உட்கார இருப்பதுதான் ஒரு நாள்.

கடைசி நாளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா, அறுபதில் அது ஒன்று தானே என்று விடுதி அறைத்தோழி கேட்டாள். நூலகத்தில் கொஞ்சம் தேடினேன். டேனியல் கானமென், 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கியவர், 1993-ல் ஒரு சோதனை வெளியிட்டார். ஒரு முறை கையைக் குளிர்ந்த நீரில் அறுபது வினாடி வைக்க வேண்டும். இன்னொரு முறை அதே அறுபது வினாடி, கூடவே தண்ணீர் கொஞ்சமே சூடேறும் முப்பது வினாடி. எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள், முடிவு கொஞ்சம் பரவாயில்லை என்பதற்காக. ஒரு அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்கும் என்பது இதிலிருந்து வந்த கருத்து. ஆனால் 2008-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் நிஜ விடுமுறைக்குப் போனவர்களிடம் பார்த்தபோது இது அவ்வளவு பொருந்தவில்லை. முடிவைவிட, மறக்க முடியாத ஏதோ ஒரு நாள் எப்படி இருந்தது என்பதுதான் மொத்த விடுமுறையின் நினைவோடு அதிகம் ஒத்துப்போனது.

எங்கள் வீட்டு விஷயத்தில் இந்த இரண்டு கருத்துக்கும் சண்டையே இல்லை. ஏனென்றால் எங்களுக்கு மறக்க முடியாத நாளே கடைசி நாள்தான். எனக்கு ஆறு வயதில் அப்பா வந்த லீவில் எங்கெங்கே போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கிளம்பிய அன்று வீடு முழுக்கச் செருப்பு கிடந்ததும், அப்பா எங்கே என்று யாரிடம் கேட்டாலும் "இப்ப வந்துருவாரு" என்றதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடைசி நாளே வராத ஒரு லீவும் எங்களுக்கு வாய்த்தது. 2020 பிப்ரவரியில் அப்பா வந்தார், மார்ச்சில் விமானம் நின்றது. முதல் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தினமும் திருவிழா. மூன்றாவது மாதம் நகை அடகுக்குப் போனது. ஐந்தாவது மாதம் அப்பா கடற்கரையில் போய்த் தனியாக உட்கார ஆரம்பித்தார். பத்து மாதம் கழித்து, துபாயில் பதினான்கு நாள் தங்கிச் சவுதிக்குப் போனார். அதனால் "இங்கேயே இருந்தால்தான் என்ன" என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். அவர் போகாமல் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போகிற நாளைத்தான் கேட்கிறேன்.

சரி, விட்டால் அந்த நாளில் என்ன செய்வார்? இதையும் கவனித்து வைத்திருக்கிறேன். கூட்டம் வருவதற்கு முன்னால் கிடைக்கிற இரண்டு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். விடியற்காலை ஏலக் கூடத்துக்குப் போவார். வாங்க மாட்டார், கை கட்டி நின்று பார்ப்பார். லீவு பெரும்பாலும் ஏப்ரல், மே மாதம்தான் விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகு மீனுக்குக் கிராக்கி, விலை எகிறும், ஏலம் சூடாக இருக்கும். திரும்பி வந்ததும் கையில் டெஸ்டரை எடுப்பார். மோட்டார் ஸ்விட்ச், ஃபேன் ரெகுலேட்டர், குளியலறை பல்பு. அடுத்த இரண்டு வருடத்துக்கு எதுவெல்லாம் கெடும் என்று யோசித்து அதையெல்லாம் இப்போதே சரி செய்து வைப்பார். எனக்கு ஃப்யூஸ் போடக் கற்றுக்கொடுத்தது அப்படி ஒரு காலையில்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நான், மேலே அப்பா. பாதியில் வாசலில் "என்னண்ணே கெளம்பியாச்சா" என்று குரல் கேட்டது, இறங்கிவிட்டார். இன்றைக்கும் அந்த ரெகுலேட்டர் மூடி இல்லாமல்தான் இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். பயணம் சொல்வதை மூன்று நாளுக்கு முன்னால் முடித்துவிடலாம். பெட்டி முந்தின நாள் இரவோடு கட்டப்படும், அப்புறம் வருகிற பொட்டலம் அடுத்த ஆள் போகும்போது போகும். எந்தப் பொட்டலமானாலும் கொடுப்பவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்துதான் வைப்போம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனை, பவுன், சீட்டு எல்லாம் முதல் ஐம்பது நாளுக்குள். வழியனுப்ப வருகிறவர்கள் ராத்திரி வேன் வரும் நேரத்துக்கு வாருங்கள், டீ நானே போட்டுத் தருகிறேன். சபராளிகளுக்கும் ஒன்று: மாமா, சித்தப்பா, அண்ணன்மாரே, ஊர் பேசும் என்று நீங்களும்தான் பயப்படுகிறீர்கள். ஒருவர் துணிந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அடுத்தவருக்குச் சுலபம்.

எங்கள் ஊர்க் கடலையும் சேர்த்து அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்காக 2022-ல் காப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியா என்போமே, அதேதான். கடற்புல்லை நிம்மதியாக மேயட்டும், யாரும் தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஆவுளியாவுக்கு அவ்வளவு பெரிய கடலையே ஒதுக்கிய ஊரில் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாதா?

வருகிற சித்திரையில் அப்பா வருகிறார். திரும்பும் தேதி இன்னும் போடவில்லை. பெரியம்மாவிடமும் இரண்டு அத்தைகளிடமும் இப்போதே பேசிவிட்டேன். பெரியம்மா சரி என்றார், ஒரு அத்தை சிரித்தார், இன்னொரு அத்தை என்னோடு பேசுவதில்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை, ஆனால் "அது நடக்குமாடி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அப்பத்தா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்து மூன்று வீட்டில் பத்து வீட்டுக்கு முன்னாலேயே போகலாம், பதிமூன்று வீட்டுக்குக் கடைசி நாள்தான் என்ற வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. பேரம் நடந்துகொண்டிருக்கிறது.